ஒரு மிளகின் தடிமன்

வத்தல் என்றால் தமிழ் வீட்டில் விளக்கம் தேவையில்லை. மிளகாய் வத்தல், சுண்டைக்காய் வத்தல், கொத்தவரங்காய் வத்தல் என்று பட்டியல் தானாக நீளும். சித்திரை வெயிலில் காயவைத்ததை ஐப்பசி மழையில் வறுத்துத் தின்னலாம். குளிர்பெட்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நாம் கண்டுகொண்ட பாதுகாப்பு முறை அது. தருமபுரி நகரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகும் வத்தல்மலையின் பெயர்க்காரணத்துக்குள் இங்கே போகவில்லை. ஆனால் காயவைத்தலைப் பற்றித் தொடங்க அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. மலையாளிப் பழங்குடிகள் வாழும் அந்த மலையில் சாமையும் கேழ்வரகும் நெடுநாளைய பயிர்கள். பிறகு காப்பி வந்தது. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியது. பறித்த மிளகு பாறையிலும் தார்ப்பாயிலும் வாசலிலும் காய்கிறது. பச்சைக் காய் கருத்துச் சுருங்கி, கையில் அள்ளினால் சலசலக்கும்போது வியாபாரி வருகிறார்.

காய்ந்த மிளகு கெடாது என்பது உண்மை. ஆனால் கெடாத பொருளும் சுத்தமான பொருளும் ஒன்றல்ல. நீர் போனதும் கிருமிகள் சாவதில்லை. பெரும்பாலானவை உறங்கிப் போகின்றன. சில பாக்டீரியாக்கள் வித்துறை என்ற கடினமான உறைக்குள் ஒடுங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வித்துறை இல்லாத சால்மொனெல்லாகூட உலர்ந்த மிளகின் சுருக்கங்களில் மாதக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். கோழி நடந்த களம், காற்றில் வந்த தூசி, துடைக்காத சாக்கு என்று அது வந்து சேரும் வழிகள் பல. நம் ரசத்தில் மிளகு கொதிக்கிறது, அதனால் நாம் கவலைப்பட்டதில்லை. சமைத்து முடித்த உணவின்மேல் மிளகைத் தூவும் நாடுகளில் கதை வேறு. 2009–10இல் அமெரிக்காவில் 44 மாநிலங்களில் 272 பேரைச் சால்மொனெல்லா தாக்கியது. இறைச்சியில் தேடிய ஆய்வாளர்கள் கடைசியில் பிடித்தது, பதப்படுத்திய இறைச்சியின் மேல் பூசிய மிளகை.

அதனால் ஏற்றுமதிக்குப் போகும் மிளகு ஏதாவது ஒரு கிருமிநீக்கத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. நீராவி காட்டலாம், ஈரம் ஏறும், மணம் கொஞ்சம் போகும், மறுபடி உலர்த்த வேண்டும். எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவை அடைத்த அறையில் செலுத்தலாம். அது சாக்குக்குள்ளும் சுருக்கத்துக்குள்ளும் நுழைந்து வேலையை முடித்துவிடும், ஆனால் எச்சத்தை விட்டுப் போகும். அது புற்றுநோய் உண்டாக்கும் வாயு. 2020இல் இந்திய எள்ளில் அதன் எச்சத்தைக் கண்டு ஐரோப்பிய நாடுகள் சரக்குகளைத் திரும்பப் பெற்றன. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் நாட்டு மசாலாப் பொடிகளில் அதே வாயுவைக் கண்டதாக அறிவித்தபோது, செய்தி தேநீர்க்கடை வரைக்கும் வந்துவிட்டது. மூன்றாவது வழி கதிர்வீச்சு. இந்தச் சொல்லைக் கேட்டதும் கல்பாக்கமும் கூடங்குளமும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் கதிர்வீச்சுப் பதப்படுத்தலின் வரலாறு ஏறத்தாழ முழுவதும் காமா கதிர் விடும் கோபால்ட்–60இன் வரலாறுதான். 1974இல் மும்பையின் டிராம்பேயில் ஐசோமெட் என்ற நிலையம் மருத்துவப் பொருள்களைக் கிருமிநீக்கத் தொடங்கியது. 2000இல் நவி மும்பையின் வாஷியில் மசாலாப் பொருள்களுக்கான நிலையம் வந்தது. அதையடுத்து நாசிக் பக்கத்து லாசல்காவில் வெங்காயத்தை மனத்தில் வைத்து க்ருஷக் நிலையம் வந்தது. அது வெங்காயத்தைவிட மாம்பழத்தால்தான் பெயர் வாங்கியது. பதினெட்டு ஆண்டுகளாக இந்திய மாம்பழத்துக்குக் கதவைச் சாத்தியிருந்த அமெரிக்கா, 400 கிரே (பொருள் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) அளவு கதிர் காட்டிய பழத்தை 2007 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டது. காரணம் ஒரு வண்டு. மாங்கொட்டைக்குள் குடியிருக்கும் கூன்வண்டை வெந்நீர் எட்டாது, மேலே தெளித்த மருந்தும் எட்டாது. கதிர் எட்டும். 400 கிரேயில் வண்டு உடனே சாக வேண்டும் என்பதுகூட இல்லை. இனி இனம் பெருக்க முடியாமல் போனால் போதும்.

கோபால்ட்டின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதற்கு மின்வெட்டு கிடையாது. இரவு பகல் பாராமல் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கதிர் மூட்டை மூட்டையாக அடுக்கிய சரக்கையும் ஊடுருவும். ஆனால் நிறுத்து என்றால் நிற்காது. வேலை இல்லாதபோது ஆழமான நீர்த்தொட்டிக்குள் இறக்கி வைக்க வேண்டும். 5.27 ஆண்டுக்கு ஒருமுறை வலிமை பாதியாகும், அதனால் புதிய கோபால்ட் வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலாவதியான பிறகும் அது குப்பையில் போடும் பொருளல்ல. 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் ஒரு பல்கலைக்கழகம் ஏலம் விட்ட ஆய்வுக் கருவியைப் பிரித்தபோது, உள்ளே இருந்தது இந்தக் கோபால்ட்தான். ஒரு தொழிலாளி இறந்தார்.

கதிர் காட்ட இன்னொரு வழி எலெக்ட்ரான் கற்றை இயந்திரம். அதில் அணுப்பொருள் எதுவும் இல்லை. ஸ்விட்சை அணைத்தால் கதிர் இல்லை. கொஞ்சம் வயதானவர்களுக்கு இந்த இயந்திரம் புதிதும் அல்ல. பழைய குழாய் டிவியின் பின்பக்கத்தில் சூடான கம்பி ஒன்று எலெக்ட்ரான்களை உமிழும். சுமார் 25,000 வோல்ட் அவற்றை இழுத்துத் திரையில் மோதவிடும். காந்தம் அந்தக் கற்றையை இடமும் வலமும் ஆட்டிப் படம் வரையும். கிருமிநீக்கும் இயந்திரத்தின் அடிப்படை இதே ஏற்பாடுதான். 25 ஆயிரம் வோல்ட்டுக்குப் பதில் ஒரு கோடி வோல்ட்டுக்கு இணையான உந்துதல் என்பதுதான் வேறுபாடு. அவ்வளவு மின்னழுத்தத்தை நேரடியாகக் கொடுப்பது கடினம் என்பதால், செம்பு அறைகளின் வரிசைக்குள் நுண்ணலையைச் செலுத்தி, அந்த அலையின் முதுகில் எலெக்ட்ரான்களை ஏற்றி விடுகிறார்கள். மெல்லிய டைட்டானியத் தகட்டைத் துளைத்துக்கொண்டு கற்றை வெளியே வரும். கீழே நகரும் பட்டையில் சரக்கு போகும். கோபால்ட் அறையில் மணிக்கணக்கில் நடக்கும் வேலை இங்கே விநாடிக்கணக்கில் முடிகிறது. இயங்கும்போது ஆபத்து ஆபத்துதான்; இரண்டு மீட்டருக்கும் மேலான கான்கிரீட் சுவர் வேண்டும், காற்றில் உண்டாகும் ஓசோனை வெளியேற்ற வேண்டும். சரக்கில் மட்டும் எதுவும் மிஞ்சுவதில்லை. எலெக்ட்ரானின் ஆற்றல் 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டை, அதாவது அந்த ஒரு கோடி வோல்ட் உந்துதலைத் தாண்டக் கூடாது என்ற பன்னாட்டு உணவு விதி இதற்காகத்தான் இருக்கிறது. அந்த வரம்புக்குள் உணவின் அணுக்கரு சீண்டப்படுவதில்லை. கிருமியின் மரபிழை அறுபடுகிறது. மிளகு மிளகாகவே வெளியே வருகிறது.

இந்த இயந்திரத்துக்கு நெடுநாளாகச் சோறு போட்டது உணவுத் தொழிலும் அல்ல, மருத்துவமும் அல்ல. கேபிள் தொழில்தான். ஒயரின் மேலுறைப் பிளாஸ்டிக்கில் எலெக்ட்ரான் பாய்ந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்படிப் பின்னிய உறை வெப்பத்தில் உருகாது. இரயில் பெட்டியிலும் கார் எஞ்சின் பக்கத்திலும் ஓடும் பல ஒயர்கள் இந்தக் கற்றைக்குக் கீழே போய் வந்தவை. மருத்துவத்தில் தொடக்கமே எலெக்ட்ரானில்தான் நடந்தது. 1950களின் நடுவில் அமெரிக்காவில் அறுவை சிகிச்சைத் தையல் நூலை முதலில் இப்படித்தான் கிருமிநீக்கினார்கள். அன்றைய முடுக்கிகள், அதாவது இந்தக் கற்றை இயந்திரங்கள், அடிக்கடி பழுதானதால் தொழில் கோபால்ட் பக்கம் சாய்ந்தது. இன்று முடுக்கிகள் உழைக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் நவி மும்பை கார்கரில் ஓர் எலெக்ட்ரான் கற்றை மையத்தை வைத்திருக்கிறது. இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம் தானே கட்டிய 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட் முடுக்கியை அந்நகரத்தின் காய்கனிச் சந்தைப் பக்கத்தில் நிறுவியது. சந்தைக்கென்று வந்த அந்த இயந்திரம் மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கும் வேலையில் இறங்கியது. எனக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை. இயந்திரம் தனக்குப் பொருத்தமான சரக்கைத் தேடிப் போயிருக்கிறது.

எந்தச் சரக்கு பொருத்தம் என்பதைத் தீர்மானிப்பது தடிமன். கோபால்ட்டின் காமா கதிர் மூட்டையைத் துளைத்துப் போகும். எலெக்ட்ரான் அப்படியல்ல, மின்னூட்டம் உள்ள துகள். மோதி மோதிச் சோர்ந்து நின்றுவிடும். ஒரு கோடி வோல்ட் உந்துதலோடு வந்தாலும் தண்ணீரில் சுமார் 5 சென்டிமீட்டரில் அதன் ஓட்டம் முடிகிறது. சீரான அளவு வேண்டுமென்றால் ஒரு பக்கத்திலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை நம்பலாம்; மேலும் கீழும் காட்டினால் எட்டு சென்டிமீட்டர் சொச்சம். இப்போது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாம்பழத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே அடுக்காகப் பெட்டியில் வைத்தால் இந்தக் கணக்கின் விளிம்பில் நிற்கிறது. பழம் கொஞ்சம் பருமனாகிவிட்டால் கதிர் குறையும் இடம் நடுப்பகுதி. வண்டு இருக்கும் இடமும் அதுவே.

ஹவாய்த் தீவின் ஹிலோ பகுதியில் இதே சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டார்கள். அங்கே பப்பாளி உழவர்களுக்குப் பழ ஈ தொல்லை. கோபால்ட் நிலையம் வேண்டாம் என்று ஊர் மக்களில் ஒரு பெரும் பகுதி எதிர்த்தது. எலெக்ட்ரான் கற்றையை ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டு, அதில் பிறக்கும் எக்ஸ் கதிரைக் கொண்டு பழத்தைப் பதப்படுத்தும் நிலையம் 2000இல் வந்தது. எக்ஸ் கதிர் காமாவைப் போலவே ஆழமாகப் போகும், ஸ்விட்சை அணைத்தால் நின்றுவிடும். இரண்டு நன்மையும் சேர்ந்து கிடைக்கிறது. விலை மின்சாரத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. 5 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில் கற்றையின் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்குதான் எக்ஸ் கதிராகிறது. மீதி தகட்டைச் சூடாக்கி வீணாகிறது. மாம்பழத்துக்குத் தேவையான அளவு மிகக் குறைவு என்பதால் இந்த வீணைத் தாங்கலாம். மிளகுக்குத் தாங்காது, ஏனென்றால் அதற்கு மாம்பழத்தைப் போல இருபத்தைந்து மடங்கு வேண்டும்.

மிளகுக்கோ எக்ஸ் கதிரே தேவையில்லை. ஒரு மிளகின் குறுக்களவு 5 மில்லிமீட்டர் இருக்கும். பட்டையில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி ஓடவிட்டால் 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட் கற்றைக்கு அது சாதாரண வேலை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மிளகின் அழுக்கு அதன் தோலில் இருக்கிறது, நடுவில் அல்ல. அப்படியானால் உள்ளே வரைக்கும் எதற்காகக் கதிர் காட்ட வேண்டும்? 2018 வாக்கில் சுவிட்சர்லாந்தின் பூலர் நிறுவனம் இந்தக் கேள்வியை வைத்து ஒரு சிறிய இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மிளகு, எள், விதை போன்ற உலர்ந்த மணிகள் எலெக்ட்ரான் திரை ஒன்றின் நடுவே விழுகின்றன. கற்றையின் ஆற்றல் மிகக் குறைவு, மணியின் தோலைத் தாண்டி மில்லிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் போதும். ஆற்றல் குறைவு என்பதால் மீட்டர் கணக்கில் கான்கிரீட் வேண்டாம். உலோகக் கவசத்தோடு ஆலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மசாலாத் தொழிலில் எலெக்ட்ரான் கற்றை எங்கே போகும் என்று கேட்டால், பெரிய கூடத்தைவிட இந்தச் சிறு பெட்டியைத்தான் நான் கைகாட்டுவேன்.

நம் கண்ணில் எளிதில் படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கதிர் பட்ட பொருள் ஏற்கெனவே ஊரெங்கும் இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும்போது பிரிக்கும் பொட்டலத்தைக் கூர்ந்து பாருங்கள். ‘ஸ்டெரைல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது கதிரில் கிருமிநீக்கியது. ‘ஈஓ’ என்று இருந்தால் எத்திலீன் ஆக்சைடு. கிருஷ்ணகிரி வட்டார மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழத்தின் கூழ் 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பீப்பாய்களில் அடைபடுகிறது. பீப்பாய்க்குள் இருக்கும் பை கிருமியற்றதாக இல்லாவிட்டால் கூழ் புளித்துப் பீப்பாய் உப்பிவிடும். அப்படிப்பட்ட பைகளைக் கதிர் காட்டித்தான் கிருமிநீக்குகிறார்கள். மாம்பழத்துக்குக் கதிர் வேண்டுமா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கையில், மாங்கூழின் சட்டைக்கு அது எப்போதோ பட்டுவிட்டது.

அப்படியானால் தருமபுரியில் ஓர் இயந்திரத்தை வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கே சின்னக் கணக்கு ஒன்று போட வேண்டும். ஒரு கிலோ பொருளுக்கு ஒரு கிலோகிரே கொடுக்க ஒரு கிலோஜூல் ஆற்றல் போதும். மிளகுக்கு 10 கிலோகிரே என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோவாட் கற்றை, அதில் பாதிதான் சரக்கில் விழுகிறது என்றாலும், மணிக்கு ஒரு டன்னுக்கு மேல் மிளகு அதன் கீழே ஓடிவிடும். எட்டு மணி நேர ஷிப்டில் எட்டு டன். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 2,400 டன்னுக்கும் மேல். சில ஊர்கள் சேர்ந்த ஒரு சிறு மலை இவ்வளவு மிளகை விளைவிக்க முடியாது. ஒரு மலைக்கு ஓர் இயந்திரம் என்ற பேச்சு இங்கேயே முடிகிறது. தீனி இல்லாத இயந்திரம் எப்படிச் சாகும் என்பதற்கு அமெரிக்காவின் ஷூர்பீம் நிறுவனம் சாட்சி. மாட்டிறைச்சியைக் கற்றையில் காட்டி நாடெங்கும் விற்கலாம் என்று நம்பி நிலையங்களைக் கட்டியது. எதிர்பார்த்த சரக்கு வரவில்லை. 2004 ஜனவரியில் திவாலானது. இயந்திரங்கள் நன்றாகத்தான் ஓடின.

2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் சிறு, நடுத்தரத் தொழில் துறையில் பல பொருள்களைப் பதப்படுத்தும் 50 கதிர்வீச்சு நிலையங்களுக்கு உதவி என்று ஒன்றிய அரசு அறிவித்தது. 2025 ஜூலையில் அமைச்சரவை அந்த 50 நிலையங்களுக்கும் 100 உணவுப் பரிசோதனைக் கூடங்களுக்குமாக 1,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. இதில் ‘பல பொருள்’ என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. தருமபுரி–கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையில் ஓர் எலெக்ட்ரான் கற்றை நிலையம் வந்தால், தை மாசியில் சுற்றுமலைகளின் மிளகு, பிறகு புளியும் மிளகாயும், கோடையில் மாங்கூழ்ப் பைகள், ஆண்டு முழுக்க மருத்துவப் பொருள்கள், வேலை இல்லாத ஷிப்டில் கேபிள் என்று அதன் வயிற்றை நிரப்பலாம். இப்போதைக்கு அந்தச் சாலையில் போகும் சரக்குக்கு எட்டும் தொலைவில், ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்தின் மாலூரில் ஒரு காமா நிலையம் இருக்கிறது. மிளகும் ஊசியும் ஒரே கூடத்தில் போக முடியாது என்பார்கள். நேரமும் பாதையும் பிரித்தால் முடியும், ஆனால் உரிமங்கள் இரண்டு, கண்காணிப்பு இரண்டு. மின்சாரமும் சீராக வேண்டும். மின்னழுத்தம் ஒரு கணம் சறுக்கினாலும் கற்றை நிற்கும், பட்டையும் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் இருந்த சரக்குக்கு எவ்வளவு கதிர் போயிற்று என்று கணக்கு காட்ட வேண்டும். அளவுக் கணக்கும் தாள்களும் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 மே மாதம் மாம்பழ ஏற்றுமதியாளர்கள் பார்த்தார்கள். நவி மும்பையில் கதிர் காட்டிய 15 சரக்குகளை ஆவணப் பிழை என்று அமெரிக்கா மறுத்துவிட்டது. திருப்பிக் கொண்டுவரும் செலவு கட்டாது என்பதால் பழங்களை அங்கேயே அழித்தார்கள்.

கற்றையால் முடியாதவையும் உண்டு. இயந்திரம் விற்க வருபவர்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் வைப்பார்கள். ஈரத்தோடு குவித்து வைத்த மிளகில் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரந்துவிட்டால், பூஞ்சையை எலெக்ட்ரான் கொல்லும், நஞ்சு அப்படியே கிடக்கும். பூச்சிமருந்து எச்சத்தையும் அது தொடாது. கல்லையும் காம்பையும் பொறுக்காது. சாமையில் பூச்சி முட்டையை ஒழிக்கும், ஆனால் உமி நீக்கிய சாமை சிக்கு வாடை அடிப்பதைத் தடுக்காது. காப்பிக்கு வறுப்பதே கிருமிநீக்கம். ஆகவே வத்தல்மலைக்கு முதலில் என்ன வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், சிமெண்ட் போட்ட நல்ல களம், மழை வந்தால் மூடும் பாலித்தீன் கூரை உலர்த்தி, ஈரம் பார்க்கும் கருவி, கழுவிய சாக்கு என்றுதான் சொல்வேன். ஒழுங்காக வத்தலாகாத மிளகை எந்தக் கற்றையும் காப்பாற்றாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது, அது இயற்பியலில் இல்லை. மருந்தும் உரமும் அதிகம் போடாத மலை மிளகுக்கு இயல்பான சந்தை இயற்கை வேளாண் சந்தை. விலையும் அங்கேதான் கூடுதல். இந்தியாவின் இயற்கை வேளாண் உற்பத்தித் தேசியத் திட்டமும் ஐரோப்பிய விதிகளும் கதிர் பட்ட பொருளுக்கு அந்த முத்திரையைத் தருவதில்லை. காமா, எக்ஸ், எலெக்ட்ரான் என்ற பாகுபாடு அங்கே கிடையாது. ஸ்விட்சை அணைத்தால் நிற்கும் கதிரும் அவர்களுக்குக் கதிர்தான். அந்த முத்திரையோடு போகும் மிளகுக்கு நீராவிதான் வழி. கற்றைக்குக் கீழே போகும் மிளகின் பொட்டலத்தில் கதிர்வீச்சால் பதப்படுத்தியது என்ற வரியும் பச்சை வட்டச் சின்னமும் இருக்க வேண்டும். அது வேறு வாங்குபவருக்கான சரக்கு, பெரும்பாலும் மசாலா ஆலைகளுக்கு. ஒரே கொடியில் பறித்த மிளகு இரண்டு சாக்குக்குப் போகலாம், ஆனால் ஒரு சாக்கு இரண்டு முத்திரை தாங்காது. நிலைப் பயிருக்கு இயற்கை வேளாண் சான்று வாங்க மூன்று ஆண்டு மாறுகாலம். நட்ட மிளகுக் கொடி காய்க்கத் தொடங்குவதும் ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில். எந்தச் சாக்கு என்பதை மலைக்காரர்கள் கொடி நடும்போதே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. கீழே எந்த இயந்திரம் வரப்போகிறது என்று அவர்களுக்கு அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.